பலகை பச்சையாகத்தான் இருந்தது

காலையிலிருந்து அலுவலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மற்றவர்களுக்கெல்லாம் ஏக குஷி. மேலாளர் வந்ததும் வராததுமாக, "பாத்தீங்களா? புது சர்வருக்கு மாறியிருக்கோம், ஒரு புகார் இல்ல, ஒரு முனகல்கூட இல்ல. இப்படி ஒரு காலையை நான் பாத்ததே இல்ல" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். அன்றைக்குப் பார்த்து, எங்கள் சேவையை வாங்கலாமா என்று பார்க்க இரண்டு விருந்தாளிகள் வேறு வந்திருந்தார்கள். அவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து அந்த அமைதியையே பெரிய திரையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைக்காரன் காலை நீட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டான். எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் இணையப் பக்கத்தில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முன்பு ஒரே வழிதான். போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். "வந்துச்சா?" "இல்ல." "இப்ப வந்துச்சா?" "இல்லன்னு சொன்னேன்ல?" கேட்கிறவருக்கும் சலிப்பு, சொல்கிறவருக்கும் சலிப்பு. அந்த இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டவர்கள் நாங்கள். மையம் என்று பெயர். பக்கத்தை நடத்துகிறவர் எதையாவது மாற்றினால் எங்களுக்கு ஒரு தகவல் தட்டுவார். நாங்கள் போய் மாறியதை எடுத்துவந்து, அந்தப் பக்கத்துக்குச் சந்தா சொல்லிவைத்திருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே மூச்சில் தள்ளிவிடுவோம். யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம். வந்தால் தானாக வந்து சேரும்.

சந்தா கேட்கிறவரையும் சும்மா நம்பிவிட மாட்டோம். "நிஜமாகவே நீதான் கேட்டாயா?" என்று ஏதோ ஒரு சொல்லை அனுப்புவோம். அதையே அட்சரம் பிசகாமல் திருப்பி அனுப்பினால்தான் சேர்த்துக்கொள்வோம். என் வீட்டுக்காரருக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் தேவலை. நான் எதைச் சொன்னாலும் "ம்" என்பார். காதில் விழுந்த "ம்" எது, விழாத "ம்" எது என்று கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை.

அவருக்கு ஆற்றுக்குள் முங்குகிற வேலை. நகரத்துக்குக் குடிதண்ணீர் இழுக்கும் பம்பு நிலையத்துக்கு முன்னால், தண்ணீருக்குள் பெரிய கம்பித் தடுப்பு ஒன்று இருக்கிறது. மரக்கிளை, கிழிந்த வலை, பிளாஸ்டிக் என்று ஆறு கொண்டுவருகிற குப்பையெல்லாம் அதில் வந்து அடைத்துக்கொள்ளும். காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்கி அதைப் பிய்த்து எடுக்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டியிருப்பார். அதன் மறுமுனை மேலே படகில் இன்னொருவர் கையில். அவரை எல்லோரும் கயிற்றண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆறு சாதுவாக இருக்கும்வரை பயமில்லை. மேலே அணையில் மதகைத் திறந்துவிட்டால் கதை வேறு. வருகிற தண்ணீர் ஆளைக் கம்பியோடு வைத்து அழுத்திவிடும். அதற்குப் பிறகு கயிற்றை நான்கு பேர் சேர்ந்து இழுத்தாலும் ஆள் அசைய மாட்டார். முன்பு ஒருவர் அப்படிப் போனார் என்று இவர் ஒரு தடவை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவர் மட்டும் மோர் கேட்டார்.

அதற்காகத்தான் படகில் ஒரு மின்பலகை வைத்தார்கள். அணை அலுவலகத்தின் இணையப் பக்கத்துக்கு அந்தப் பலகையும் ஒரு சந்தாதாரர், எங்கள் மையத்தின் வழியாக. மதகு மூடியிருக்கிறது என்று செய்தி வந்தால் பச்சை விளக்கு. திறந்திருக்கிறது என்று வந்தால் சிவப்பு, கூடவே சைரன். என் கைபேசிக்கும் அதே சந்தாவைப் போட்டுவைத்திருந்தேன்.

போட்டுவைத்தும் என்ன, நான் அணையின் பக்கத்துக்குப் போய் என் கண்ணால் பார்ப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். அலுவலகத்தில் எனக்கு 'ரெஃப்ரெஷ் அக்கா' என்றே பேர் வைத்துவிட்டார்கள். "ஏம்மா, நம்ம ஹோட்டல் சமையல்காரரே வீட்லருந்து சாப்பாடு கட்டிட்டு வந்தா, வர்றவன் எப்படிம்மா நம்பிச் சாப்பிடுவான்?" என்று மேலாளர் ஒரு தடவை எல்லோர் முன்னாலும் கேட்டார். சிரித்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

பம்பு நிலையத்திலும் என் மானம் ஏற்கெனவே போயிருந்தது. மேற்கே மேகம் கறுத்தது என்று ஒரு தடவை, அணையில் தண்ணீர் ஏறுகிறது என்று ஒரு தடவை, கயிற்றண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறேன். இரண்டு தடவையும் அவர் பதறி இவரை மேலே இழுத்தார். இரண்டு தடவையும் ஆறு குளம் மாதிரி கிடந்தது. வேலை கெட்டதென்று ஒப்பந்தக்காரர் அவரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. "இனிமே பலகை சொன்னாத்தான் ஏத்துவேன் தங்கச்சி. கோவிச்சுக்காத" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்குக் கொஞ்ச நேரம் என்னை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பார்க்கக் கூடாது, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, வந்தால் வரும் என்று சொல்லிக்கொண்டேன். கை கேட்கவில்லை. பக்கத்தைத் திறந்தேன்.

'மதகுகள் திறக்கப்பட்டுள்ளன. யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம்.'

கைபேசியைப் பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை. மறுபடி பக்கத்தைப் பார்த்தேன். அதற்குக் கீழே, விடிகாலையில் மூடினோம் என்று ஒன்று. அதற்கும் கீழே, நேற்று மாலை திறந்தோம் என்று ஒன்று. அந்த இரண்டும்கூட எனக்கு வரவில்லை. நேற்று மாலையிலிருந்து அணை பேசிக்கொண்டே இருந்திருக்கிறது, என் கைபேசி வாயையே திறக்கவில்லை. எனக்கு வராதது படகுக்கும் வந்திருக்காது.

அவருடைய கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. இறங்கும்போது அதைத் தகரப் பெட்டியில் போட்டுவிடுவார். கயிற்றண்ணனுக்குப் போட்டேன்.

"அண்ணே! அவரு தண்ணிக்குள்ள இருக்காரா?"

"இப்பத்தான் மறுபடி இறங்கினாரு. என்ன தங்கச்சி, மேகமா?"

"மதகு திறந்துட்டாங்கண்ணே! உடனே ஏத்துங்க!" நான் கத்திய கத்தலில் பக்கத்து இருக்கைக்காரன் காதிலிருந்ததைக் கழற்றினான்.

"பலகை பச்சையா இருக்கேம்மா."

"அது பச்சை இல்லண்ணே, அது செத்துப்போச்சு!"

"எரியுதேம்மா, எங்கண்ணு முன்னாடி. ஆறும் சும்மாத்தான் கிடக்கு. இங்க பாரு, போன தடவையே என்னை வீட்டுக்கு அனுப்பப் பாத்தாங்க. இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி, முடிச்சிட்டு அவரே ஏறிடுவாரு. கையில கயிறு இருக்கு, வச்சிடறேன்."

வைத்துவிட்டார். அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு? பலகையை நம்பு, பலகையை மட்டும் நம்பு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே எங்கள் நிறுவனம்தான். ஒருவரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அந்தப் பலகை கடைசியாகக் கேட்டதையே பிடித்துக்கொண்டு பச்சையாக எரிந்துகொண்டிருக்கும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. எங்களுக்கே அது உறைத்ததில்லை.

அணை அலுவலகத்துக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தார், சாவதானமாக.

"அறிவிப்பு அப்பவே போட்டாச்சேங்க."

"அது போய்ச் சேரலைங்க. பம்பு நிலையத்துல ஆளு தண்ணிக்குள்ள இருக்காரு."

"சேக்கறது எங்க வேலை இல்லைங்களே. அதுக்குன்னு ஒரு மையம் வச்சிருக்காங்க. அவங்களக் கேளுங்க."

"நான்தாங்க அந்த மையம்!"

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே" என்றார். மதகை மூட முடியாதா என்று கெஞ்சினேன். மூடினாலும் கிளம்பிய தண்ணீரைத் திரும்பக் கூப்பிட முடியாதாம். பம்பு நிலையத்துக்கு எப்போது வரும் என்று கேட்டதற்கு, "கால் மணி நேரம். அதுக்கு முன்னாடியும் வரலாம்" என்றார்.

நானும் பக்கத்து இருக்கைக்காரனும் மையத்தின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தோம். தேடவே தேவையிருக்கவில்லை. முதல் வரியிலேயே இருந்தது: 'அனுப்புதல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.'

புது சர்வருக்கு மாறும்போது சோதனைச் செய்திகள் தவறிப்போய் ஊர்மக்களுக்குப் போய்விடக் கூடாது என்று அனுப்புகிற குழாயை அடைத்துவைப்போம். சோதனை முடிந்ததும், 'முடிந்தது, நிறுத்திவைப்பை எடுத்துவிடவும்' என்று இவனுக்கு ஓர் அறிவிப்பு வரும். அது வந்ததும் இவன் திறந்துவிட வேண்டும்.

"எனக்கு அறிவிப்பே வரலையேக்கா" என்றான்.

"எது வழியா வரும் அது?"

யோசித்தான். முகம் வெளுத்தது. நம் பொருளை நாமே பயன்படுத்தாவிட்டால் வேறு யார் பயன்படுத்துவார்கள் என்று மேலாளர் பெருமையாகச் சொல்வார். அதனால் எங்கள் அலுவலகத்தில் சகல அறிவிப்பும் மையத்தின் வழியாகத்தான். குழாயைத் திற என்கிற செய்தியும் அடைத்த குழாய்க்குள்ளேதான் உட்கார்ந்திருந்தது. புகார் வராததற்கும் அதுதான் காரணம். புகார்களும் அதே வழியில்தான் வர வேண்டும். இத்தனை படித்தவர்கள் சேர்ந்து இப்படி ஒரு வேலையைச் செய்திருக்கிறோம்.

"திற" என்றேன்.

"அக்கா, நேத்து சாயங்காலத்துலருந்து சேந்ததெல்லாம் மொத்தமா கொட்டும். எல்லாருக்கும். பழசை அழிக்காம திறக்கக் கூடாதுன்னு மேலாளர் ஏற்கெனவே சொல்லியிருக்காரு."

நான் கண்ணாடி அறைக்குள் போய்விட்டேன். கதவைத் தட்டியதாக ஞாபகமில்லை. விருந்தாளிகள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் சிரித்த முகத்தை மாற்றாமலேயே எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் பலகைக்கு மட்டும் அனுப்ப முடியாதா?"

"புது சர்வர்ல அந்த வசதியை இன்னும் வைக்கல சார். ஒரே குழாய்தான்."

"அப்ப பழசை அழிச்சிட்டுத் திறங்க. அரை மணி நேரம் ஆகுமா? நேத்து பெஞ்ச மழையை இன்னைக்குப் புதுச் செய்தின்னு அனுப்பினா ஊரே சிரிக்கும்மா. இவங்க வேற உக்காந்திருக்காங்க."

"என் வீட்டுக்காரர் தண்ணிக்குள்ள இருக்காரு சார்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. வாயைத் திறந்தார், பெரிய திரையைப் பார்த்தார், விருந்தாளிகளைப் பார்த்தார். அவர் என்ன முடிவுக்கு வருவார் என்று நின்று பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. ஓடிவந்து பக்கத்து இருக்கைக்காரனைத் தள்ளிவிட்டு, நானே நிறுத்திவைப்பை எடுத்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வரிசையில் ஆயிரக்கணக்கில் செய்திகள், அதில் படகின் செய்தி எங்கே நிற்கிறதோ தெரியாது. நான் எழுந்து நின்றேன். நின்றும் முடியவில்லை, நாற்காலியைச் சுற்றி வந்தேன். பிறகு அறையின் ஒரு மூலையில் ஒரு கைபேசி கிணுகிணுத்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு மொத்த அலுவலகமும் ஒன்றாக அடிக்கத் தொடங்கியது. நேற்றைய ஆட்டத்தின் முடிவு, நேற்றைய மழை, நேற்றே முடிந்துபோன கூட்டத்துக்கு அழைப்பு. விருந்தாளிகளின் கைபேசிகளும் அடித்தன. பக்கத்து இருக்கைக்காரன் தன்னுடையதை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். 'முடிந்தது, நிறுத்திவைப்பை எடுத்துவிடவும்.' வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

கயிற்றண்ணனுக்குப் போட்டேன். எடுத்ததுமே அவர் குரலுக்குப் பின்னால் சைரன் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. அடுத்த மூச்சுக்குள் சைரன் நின்றுபோனது.

"பச்சை ஆயிடுச்சு" என்றார் அவர்.

நேற்று மாலை திறந்தது சிவப்பு, விடிகாலையில் மூடியது பச்சை. செய்திகள் வரிசை மாறாமல் வந்துகொண்டிருந்தன. மறுபடி சைரன் அடித்தது.

"என்னம்மா இது, பைத்தியம் புடிச்ச மாதிரி மாத்தி மாத்தி எரியுது? உங்க ஆளுங்க சோதனை பண்றாங்களா? இந்தச் சத்தத்துல கயித்தோட அசைவே தெரியல. நிறுத்தப்போறேன் இதை."

கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. எனக்கே கேட்டதோ என்னவோ, அத்தனை மெதுவாகத்தான் வந்தது.

"அண்ணே. சோதனை இல்லண்ணே. தண்ணி வருது. அவரை ஏத்திடுங்கண்ணே."

அவர் கைபேசி எங்கோ விழுந்து உருண்டது. இணைப்பு மட்டும் அறுபடவில்லை. சைரனும், படகில் ஏதோ இடிபடுவதும், அவர் மூச்சு வாங்குவதும் கேட்டது. "பிடி, பிடி, பிடி" என்று யாரையோ அதட்டினார். பிறகு இரைச்சல் வந்தது. அது காற்றா, தண்ணீரா, அல்லது என் காதுக்குள்ளேயே இரைகிறதா என்று தெரியவில்லை. அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இணைப்பு அறுந்தது.

மேலாளர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். "என்னாச்சும்மா?" என்றார். பையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினேன். அவர் பின்னாலேயே ஓடிவந்து தன் காரில் ஏறச் சொன்னார். வழி முழுக்க அவருடைய கைபேசி நேற்றைய செய்திகளைச் சொல்லிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் என் உயிர் போய் வந்தது. எனக்கு வர வேண்டிய செய்தி எந்த மையத்தின் வழியாகவும் வராது என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன்.

ஆறு செங்காவி நிறத்தில் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. காலையில் கம்பித் தடுப்பின் தலை தெரிந்திருக்கும். இப்போது அந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. ஒரு முழு மரம் அதில் வந்து மோதி, நிமிர்ந்து, உள்ளே போய்விட்டது. படகைக் கரையில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதில் யாரும் இல்லை. பலகையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பம்பு அறையின் சுவரோரம், ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். ஒரு முழங்கால் சிராய்த்திருந்தது. என்னைப் பார்த்ததும், "நீ ஏன் வந்த? ஆபீஸ் இல்லையா?" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். வேலையை விடச் சொல்லிக் கத்தினேன், அணையைத் திட்டினேன், கைபேசியைத் தகரப் பெட்டியில் வைக்கிறதற்குத் திட்டினேன். கட்டிக்கொண்டும் திட்டினேன். நனைந்த துண்டு என் புடவையை நனைத்தது. பம்பு நிலையத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மேலாளர் நாகரிகமாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர், "ம்" என்றார்.

கயிற்றண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்து ரத்தம் கட்டியிருந்தது. ஒரு கையால் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

"பலகையைப் பாத்துத்தானே அண்ணே ஏத்துனீங்க?" என்று கேட்டேன்.

"அந்தக் கண்றாவியையா? அதை அணைக்கத்தான் கையை நீட்டினேன். ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு சிவப்பு. எதை நம்பறது?" டம்ளரைக் கீழே வைத்தார். "நீ பேசினல்ல, அதைக் கேட்டுத்தான் இழுத்தேன்."

"நான் முன்னாடியும் சொன்னேனே அண்ணே. அப்ப நம்பலையே."

"அப்ப கத்தின. நீ கத்துறது எனக்குப் பழக்கம் தங்கச்சி. கத்தாம பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்ல." தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே எப்ப போன் பண்ணினாலும் கத்தியே பேசு. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்டா என்னால தாங்க முடியாது."